மக்காச்சோளப் படைப்புழுவின் தொகையும் விருத்தியும்: கணக்கிடும் முறை

ஜனத்தொகை எடுப்போர் கையாளும் வாய்பாடு மிக எளியது. முன்னிருந்த தொகையுடன் பிறந்தவரையும் குடிவந்தவரையும் கூட்டி, இறந்தவரையும் வெளியேறியவரையும் கழித்தால் பின்வரும் தொகை கிடைக்கும். இரு கணக்குகளின் வித்தியாசத்தை முதற் கணக்கால் வகுத்து நூறால் பெருக்கினால் விருத்தி விகிதம் விளங்கும். விருதுநகர் ஜில்லாவில் 2001-ம் வருஷத்தில் 17,51,301 பேரும், 2011-ம் வருஷத்தில் 19,42,288 பேரும் இருந்தனர். ஆகவே பத்து வருஷ விருத்தி நூற்றுக்கு 10.9 ஆகும். இதே வாய்பாடு பயிரைத் தின்னும் புழுவுக்கும் பொருந்தும். மனிதர் பத்து வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு பெருகினால், புழுவோ ஒரே மாதத்தில் பன்மடங்காகிவிடக்கூடும் என்பதே வேற்றுமை.

அமெரிக்கக் கண்டத்துக்குரிய படைப்புழு 2016-ல் ஆப்பிரிக்காவிலும், 2018-ம் வருஷம் மே மாதத்தில் கர்நாடகத்திலும் காணப்பட்டது. அவ்வருஷமே தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் புகுந்தது. இராஜபாளையத்தை அடுத்த சோழபுரம் போன்ற ஊர்களில் மக்காச்சோளம் விதைக்கும் குடியானவருக்கு விதையும் உரமும் ஆட்கூலியும் முன்னதாகவே கைவிட்டுப் போன பணம். குருத்து அழிந்தால் அத்தனையும் நஷ்டம். மருந்துக்காக மேலும் கடன்படுமுன் அவர் அறிய வேண்டுவது, புழு உண்டா இல்லையா என்பதன்று. எவ்வளவு உண்டு, எவ்வேகத்தில் பெருகுகிறது என்பதேயாம்.

நிலம் முழுவதும் எண்ணுவது இயலாது, அவசியமுமில்லை. வரப்போரத்தை விட்டு உள்ளே சென்று, கோணல்மாணலாக நடந்து, ஐந்து இடங்களில் இடத்திற்கு இருபது செடி வீதம் நூறு செடிகளைப் பார்க்க வேண்டும். குருத்தில் புது எச்சமோ, இலையில் சுரண்டிய வெண்திட்டோ இருந்தால் அது தாக்குண்ட செடி. இரண்டடி இடைவெளிப் பாரில் பத்தங்குலத்துக்கு ஒரு செடியாக நட்ட ஏக்கரில் ஏறக்குறைய 26,000 செடிகள் நிற்கும். நூற்றில் எட்டு தாக்குண்டிருந்தால் ஏக்கருக்குச் சுமார் 2,080 செடிகள் என்று கொள்ளலாம்.

புழுக்களை எண்ணாமல் செடிகளை எண்ணச் சொல்வதற்குக் காரணமுண்டு. தாய்ப்பூச்சி நூறு, இருநூறு முட்டைகளை ஒரே குவியலாக இடுகிறது. பொரித்த குஞ்சுப்புழுக்கள் சில நாள் ஒரு செடியிலேயே மொய்த்திருந்து, பின்னர் நூலிழை விட்டுக் காற்றில் பரவுகின்றன. வளர்ந்தபின் ஒன்றையொன்று தின்பதால் ஒரு குருத்தில் ஓரிரண்டே மிஞ்சும். ஆகையால் ஒரு செடியில் ஐம்பது புழுக்களைக் கண்டவர் அஞ்சுவதும், அவை மறைந்ததும் பீடை ஒழிந்ததென்று மகிழ்வதும் தவறான கணக்குகளே.

நிற்க, ஒரே எண்ணிக்கையால் வேகம் தெரியாது. முதல் வாரத்தில் நூற்றுக்கு நான்கு, மறு வாரத்தில் ஏழு எனில் விருத்தி நூற்றுக்கு 75. அவ்வேகம் நீடித்தால் அடுத்த வாரம் பன்னிரண்டைத் தாண்டும். பக்கத்து நிலத்தில் இரு வாரமும் ஏழே இருந்தால், இன்றைய தொகை இரண்டிலும் ஒன்றாயினும் செய்ய வேண்டியது ஒன்றன்று. இளம்பயிரில் நூற்றுக்கு ஐந்தும், பின்னர் குருத்து வளரும் பருவத்தில் பத்தும் நடவடிக்கைக்குரிய எல்லை. முன்னவர் உடனே முட்டைக் குவியல்களை நசுக்கி, நூற்றுக்கு ஐந்து பங்கு வேப்பங்கொட்டைச் சாற்றைக் குருத்தில் படும்படி தெளிக்க வேண்டும். பின்னவர் பொறுத்திருந்து மீண்டும் எண்ணலாம்.

தலைமுறைக் கணக்கு இன்னும் கவனிக்கத்தக்கது. வெயில் காலத்தில் முட்டை முதல் பூச்சி வரை சுமார் முப்பது நாள். ஒரு பெண்பூச்சி ஆயிரம் முட்டை இடுவதாகவும், பிறப்பதில் பாதி பெண்ணென்றும் வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் 998 மடிந்தால் தொகை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. 990 மடிந்தால் தலைமுறைக்கு ஐந்து மடங்கு; 980 மடிந்தால் பத்து மடங்கு. மூன்று தலைமுறையில் முன்னது 125 மடங்காகவும் பின்னது 1,000 மடங்காகவும் ஆகும். சாவில் நூற்றுக்கு ஒன்று குறைந்ததனால் விளைந்த பேதம் இது!

அந்தச் சாவை இலவசமாகச் செய்து கொடுப்பவை முட்டைக்குள் முட்டையிடும் சிறு குளவிகள், குருத்தில் வாழும் இடுக்கிவால் பூச்சிகள், மழைக்காலத்தில் புழுவின் மேல் படரும் பூஞ்சணம் ஆகியவை. எண்ணாமலே கடுமருந்து தெளிப்பவர் குருத்தினுள் ஒளிந்த புழுவை விட்டுவிட்டு இவற்றைக் கொன்று, மேற்படி 990-ஐ 980 ஆக்கிவிட நேரும்.

குடிவரவையும் மறத்தல் கூடாது. பூச்சி ஓரிரவில் பல மைல் பறக்கவல்லது. ஒருவர் புரட்டாசியிலும் அடுத்த புலத்தார் ஐப்பசி கடைசியிலும் விதைத்தால், முன்னவர் பயிரில் பிறந்த பூச்சிக்குப் பின்னவர் இளங்குருத்து காத்திருக்கும். ஏக்கருக்கு ஐந்து வீதம் வைக்கும் இனக்கவர்ச்சிப் பொறிகள் இவ்வரவைத் தெரிவிக்கும். ஆனால் அவற்றில் விழுபவை ஆண்பூச்சிகள் மட்டுமே. எனவே பொறி நிறைந்தால் அன்றே செடிகளைப் பார்க்கப் புறப்பட வேண்டுமேயன்றி, பொறியின் எண்ணையே நிலத்தின் தொகையாகக் கொள்ளலாகாது. எண்ணிய தேதியையும் நூற்றுக்கு எத்தனை என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால், கோடையுழவில் கூட்டுப்புழுக்களைப் பறவைகளுக்குக் காட்ட எந்தப் புலத்தை முதலில் ஆழ உழுவது என்பதும் அதிலேயே தெரியும்.