'போல' வந்தாலே உவமையா? அறந்தாங்கிப் பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது?

'மழை வரும் போல இருக்கு.' ஐப்பசி மாதத்தில் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் யார் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வாக்கியம். இதில் உவமை எங்கே என்று நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டால், 'போல' என்ற சொல்லைச் சட்டென்று அடிக்கோடிட்டுக் காட்ட வாய்ப்பு அதிகம். ஆனால் இங்கே உவமையே கிடையாது. மழையை எதோடும் ஒப்பிடவில்லை. வரும் என்று ஊகிப்பது மட்டும்தான்.

சிக்கல் எங்கே? 'போல வந்தா உவமை, வராட்டி உருவகம்' என்ற குறுக்குவழியில்தான். ஆங்கில வகுப்பில் சிமிலி, மெட்டஃபர் பாடம் வரும்போது 'லைக்', 'ஆஸ்' இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அங்கே அது பெரும்பாலும் ஒப்பேறிவிடும். தமிழில் ஒப்பேறாது.

'மலர்முகம்' என்றால் மலர் போன்ற முகம். 'போன்ற' மறைந்து நின்றாலும் அது உவமைதான். உவமைத்தொகை என்று அதற்குப் பெயர். அதையே திருப்பி 'முகமலர்' என்று போட்டால் முகமே மலர் ஆகிவிடுகிறது. அது உருவகம். இரண்டிலும் 'போல' இல்லை. எந்தச் சொல் முன்னால் நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்தவர்களுக்கு இந்த ஜோடி பழக்கமானதுதான். பலர் அதையும் மனப்பாடமாகவே கடந்திருப்பார்கள்!

சரி, குழந்தையிடம் வேறு என்ன கேட்பது? தொல்காப்பியத்தில் உவமைக்கென்றே உவமையியல் என்று ஓர் இயல் இருக்கிறது. வினை, பயன், மெய், உரு என்ற நான்கு வழியில் ஒப்புமை பிறக்கும் என்கிறது அது. கொஞ்சம் இறக்கிச் சொன்னால் நான்கு கேள்விகள்: என்ன செய்யுது? எதுக்கு உதவுது? என்ன வடிவம்? என்ன நிறம்? 'புலி மாதிரி பாயுறான்' என்பதில் ஒத்துப்போவது செயல். 'மழை மாதிரி அள்ளிக் கொடுப்பாரு' என்பதில் பயன். யானைக்கு 'முறம் மாதிரி காது' என்றால் வடிவம், 'பால் மாதிரி வேட்டி' என்றால் நிறம். ஐந்தாம் வகுப்புக்கு இது கஷ்டமே இல்லை. 'மழை வரும் போல இருக்கு' என்பதில் இந்த நான்கில் ஒன்றுக்கும் பதில் கிடைக்காது. பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

இந்த உதாரணங்களில் எல்லாம் 'மாதிரி' வருவதைக் கவனித்திருக்கலாம். வீட்டிலும் தெருவிலும் பிள்ளை பேசுவது அதைத்தான். இலக்கண நூல்கள் தரும் உவம உருபுப் பட்டியலிலோ புரைய, ஒப்ப, உறழ எல்லாம் இருக்கும், 'மாதிரி' இருக்காது. அதனால் தான் நாள் முழுக்க உவமை பேசுவது பிள்ளைக்கே தெரியாமல் போகிறது. முதலில் 'மாதிரி', அப்புறம் 'போல' என்று வரிசையை மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

ஊரும் கைகொடுக்கும். 'மழைமுகம் காணாப் பயிர் போல' என்ற உவமைத்தொடருக்குச் சென்னைப் பிள்ளைக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டியிருக்கலாம். கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி அறந்தாங்கி. தண்ணீர் வந்து சேருமா என்று வானத்தையும் வாய்க்காலையும் மாறி மாறிப் பார்க்கிற வீட்டுப் பிள்ளைக்கு விளக்கமே தேவைப்படாது.

தண்டியலங்காரம் 35 பொருளணிகளைச் சொல்கிறது. தொடக்கப் பள்ளிக்கு உவமை, உருவகம் இரண்டும் தாராளம். அணி இலக்கணம் என்று தனிப் பாடமாக வருவதே ஆறாம் வகுப்பு முதல்தான். சின்ன வகுப்புகளில் 'ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை எடுத்து எழுதுக' என்று பயிற்சி மட்டும் இருக்கும், மோனை என்ற பெயர் இருக்காது. அந்த ஏற்பாடு சரியானதே. காதுக்கு முதலில் ஓசை பழகட்டும்.

அதற்கும் ஊர்ப் பெயரே போதும். அறந்தாங்கி, ஆவுடையார்கோவில்: அகரமும் ஆகாரமும் ஓரினம் என்பதால் மோனை. அறந்தாங்கி, மறந்தாங்க: முதல் எழுத்து இரண்டிலும் குறில், இரண்டாம் எழுத்து ஒன்று. அது எதுகை. 'தாங்கி' என்று முடியும் சொல் கேட்டால் ஒரு பிள்ளை சுமைதாங்கி என்னும், இன்னொன்று இடிதாங்கி என்னும். அதுதான் இயைபு.