ஒரே ஒரு ஓட்டு... போச்சு பதவி!

1993, ஆகஸ்ட் 5. வாஷிங்டனில் இரவு நேரம்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் (நம்ம லோக்சபா மாதிரி) ஒரே களேபரம். அதிபர் கிளின்டனின் பட்ஜெட் மசோதா அந்தரத்தில் தொங்குகிறது. பணக்காரர்களுக்கு வருமான வரி 39.6 சதவிகிதம் வரை ஏறும். பெட்ரோலுக்கு காலனுக்கு 4.3 சென்ட் கூடுதல் வரி. குடியரசுக் கட்சிக்காரர்கள் ஒருத்தர்கூட ஆதரிக்கவில்லை. கிளின்டனின் ஜனநாயகக் கட்சியிலேயே பலர் 'ஆளை விடுங்க சாமி' என்று எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள்.

மிச்சமிருந்த சில பேரில் ஒரு பெண்மணி. பெயர் மார்ஜரி மார்கோலிஸ்-மெஸ்வின்ஸ்கி. (மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்!)

அம்மணி லேசுப்பட்டவர் அல்ல. டி.வி. நிருபராக இருந்து எம்மி விருதுகள் வாங்கியவர். 1970-இல், கல்யாணம் ஆகாத நிலையிலேயே, கொரியாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தவர். 1992-இல் ஃபிலடெல்ஃபியாவை ஒட்டிய தொகுதியில் நின்று, ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் தப்பிப் பிழைத்து ஜெயித்தார். காலம் காலமாகக் குடியரசுக் கட்சியின் கோட்டை அது. வசதியானவர்கள் நிறைந்த ஏரியா. அங்கே போய் "வரியை ஏத்த விடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார். மே மாதம் இதே பட்ஜெட் வந்தபோது எதிர்த்தும் ஓட்டுப் போட்டார்.

அப்புறம் என்ன சிக்கல்?

கிளின்டனிடமிருந்து போன்! தன் ஓட்டு இல்லாவிட்டால் மசோதா தோற்றுவிடும் என்றால் மட்டுமே ஆதரிப்பேன் என்று சொல்லிவிட்டார் மார்ஜரி. சும்மா இல்லை... அரசின் நலத்திட்டச் செலவுகளைப் பற்றி என் தொகுதியில் ஒரு மாநாடு நடத்த வேண்டும் என்றும் கேட்டார். (டிசம்பரில் நடந்தது. கிளின்டனே வந்தார்.)

கடைசியில் அந்த நிலைமையே வந்தது. சக உறுப்பினர்கள் சூழ்ந்து நிற்க, மார்ஜரி ஆதரவு ஓட்டைப் போட்டார். 218-க்கு 216. மசோதா பாஸ்!

எதிர்க்கட்சி பெஞ்சுகளில் ஒரே குஷி. கைகளை ஆட்டி ஆட்டி, "குட்பை மார்ஜரி!" என்று கோரஸ் பாடினார்கள்.

பலித்துவிட்டது. 1994 நவம்பர் தேர்தலில், போன தடவை தான் தோற்கடித்த ஜான் ஃபாக்ஸிடமே தோற்றார். அந்த வருஷம் ஜனநாயகக் கட்சிக்கே நாடு முழுக்க அடிதான். இருந்தாலும் அந்த ஓட்டை தொகுதி மறக்கவில்லை. சொன்ன வாக்கை மீறினால் ஜனங்கள் கோபப்படுவது நியாயம்தானே? இரண்டே வருஷத்தில் மூட்டை கட்டியாயிற்று.

பட்ஜெட் என்ன ஆச்சு? பொருளாதார வளர்ச்சியும் கைகொடுக்க, 1998-இல் அமெரிக்க அரசுக்கு உபரி வந்தது. 1969-க்குப் பிறகு முதல் தடவை!

2010-இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டு மசோதா வந்தபோதும் இதே கதை. பதவி போய்விடுமோ என்று ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் பலர் நடுங்கினார்கள். அவர்களுக்காகப் பத்திரிகையில் எழுதினார் மார்ஜரி: உங்களுக்கு நேரக்கூடிய மிக மோசமான கதி நான்தான், ஆனாலும் மறுபடி அதையேதான் செய்வேன் என்று.

2014-இல் மறுபடி களத்தில் குதித்தார். கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்விலேயே தோல்வி. பிரதிநிதிகள் சபைக் கதவு அப்புறம் திறக்கவே இல்லை.

வேறொரு கதவு திறந்தது. 2010 ஜூலையில் அவருடைய மகன் மார்க்குக்குக் கல்யாணம். மணப்பெண்... செல்சி கிளின்டன்!

அன்றைக்குப் போன் போட்டு ஓட்டுக் கேட்டாரே, அந்தக் கிளின்டன்... இப்போது சம்பந்தி!