‘பன்னிரண்டு பேர் வேணும்ணே!’ - சின்னமனூர் வாழைத்தோப்பில் ஓர் ஆப் பரீட்சை

“அண்ணே, உங்க ஜிமெயில் ஐ.டி. சொல்லுங்க. பெரியம்மாவோடதும் வேணும்” - சின்னமனூரிலிருந்து சித்தி மகன் போன் செய்தபோது, ஏதோ ரீசார்ஜ் ஆஃபர் என்றுதான் நினைத்தேன். விஷயம் வேறு. கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் அவன், சித்தப்பாவுக்காக ஒரு ஆப் எழுதியிருக்கிறான். வாழைத்தாரை எடை போட்டு, தண்டுக்கான கழிவைக் கழித்து, கிலோ விலையில் பெருக்கிக் காட்டும் சின்ன கணக்கு ஆப். சித்தப்பா இதுவரை காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவந்த கணக்குதான்.

ஆப் எழுதுவதைவிட, அதை போனில் ஏற்றி ஏற்றிப் பார்ப்பதுதான் நேரத்தைத் தின்கிறது என்றான். லேப்டாப்புக்குள்ளேயே ஒரு பொய் போனை ஓடவிடும் ‘எமுலேட்டர்’ இருக்கிறது. ஆனால், ராம் குறைவான பழைய லேப்டாப்பில் அதைத் திறந்தால், டீ குடித்துவிட்டு வரலாம். அதனால் நிஜ போனிலேயே சோதிப்பது அவனுக்கு வேகம். போன் செட்டிங்கில் ‘பில்டு நம்பர்’ என்பதை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன் திறக்கும். அதில் யு.எஸ்.பி. டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளைச் செருகினால், லேப்டாப்பில் ஒரு கட்டளை போட்டவுடன் ஆப் நேராக போனுக்குள் இறங்கிவிடும். அவன் முதல் நாள் முழுக்கத் திண்டாடியது எதனால் தெரியுமா? கேபிள். சார்ஜ் மட்டும் ஏறும், டேட்டா போகாத கேபிள்! போன் ரிப்பேர் கடைக்காரர் வேறு கேபிளைச் செருகிக் காட்டியபோதுதான் புரிந்திருக்கிறது.

ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு வந்த போன்களில் கேபிளே தேவையில்லை. ‘வயர்லெஸ் டீபக்கிங்’கை ஆன் செய்து க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் போதும். லேப்டாப்பும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தோப்பில் வைஃபைக்கு எங்கே போவது? சித்தி போனின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் இணைத்துவிட்டு, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான். ஃப்ளட்டரில் எழுதியதால் இன்னொரு வசதி: ‘ஹாட் ரீலோட்’. எழுத்தை மாற்றி சேவ் செய்தால், மறுபடி இன்ஸ்டால் செய்யாமலே அடுத்த நொடி போன் திரையில் மாறிவிடும்.

தோப்பில் உட்கார்ந்ததால்தான் சில தவறுகள் கண்ணில் பட்டன. உச்சி வெயிலில் சாம்பல் நிற எழுத்து தெரியவே இல்லை. சித்தப்பா தன் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவர். அவர் திறந்தபோது ‘கழிவு’ பட்டன் திரைக்கு வெளியே ஓடிவிட்டது. வாழைக்கறை படிந்த கையை கைரேகை லாக் ஏற்கவில்லை, அதனால் அந்த லாக்கையே எடுத்துவிட்டான். மேகமலை எஸ்டேட்டில் வேலை பார்க்கும் மாமாவின் போனில் சேவ் பட்டன் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று இவன் யோசிக்கவே இல்லை. ஃப்ளைட் மோடில் போட்டுப் பார்த்திருந்தால் வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

சொந்தக்காரர்களுக்கு முதலில் வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைலாகத்தான் அனுப்பியிருக்கிறான். அதற்கு அத்தை கொடுத்த பதில் இன்னும் எங்கள் ஃபேமிலி குரூப்பில் இருக்கிறது: “ஏப்பா, டிராஃபிக் ஃபைன்னு ஒரு ஃபைல் வந்தா தொடாதீங்கன்னு நீதானே போட்ட? இப்ப நீயே அதே மாதிரி ஒண்ணு அனுப்புற?”

அத்தை கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். கல்யாணப் பத்திரிகை, வாகன அபராதம், பி.எம். கிசான் என்று பெயர் வைத்து வரும் மோசடிகள் எல்லாம் இதே வாசல் வழியாகத்தான் நுழைகின்றன. இன்ஸ்டால் ஆனதும் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும், கொடுத்துவிட்டால் ஓ.டி.பி. அவர்கள் கைக்குப் போய்விடும். எடைக் கணக்கு ஆப்புக்கு எஸ்.எம்.எஸ். எதற்கு என்று கேட்கத் தெரிந்தால் பாதி ஆபத்து விலகும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

அதன்பிறகு பிளே ஸ்டோர் வழிக்குப் போனான். டெவலப்பர் கணக்குக்கு ஒரே ஒரு முறை 25 டாலர். அதில் ‘இன்டர்னல் டெஸ்டிங்’ என்று ஒன்று. 100 பேர் வரை லிங்க் அனுப்பலாம், புது வெர்ஷன் சீக்கிரமே அவர்கள் போனுக்கு வந்துவிடும். தம்பி குஷியாகிவிட்டான். ஆனால் பெரிய பரீட்சை அது இல்லை. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், ‘க்ளோஸ்டு டெஸ்டிங்’ நடத்தியே ஆக வேண்டும். குறைந்தது 12 பேர், தொடர்ந்து 14 நாள்கள் அதில் சேர்ந்திருக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்ததை 2024 டிசம்பரில்தான் 12 ஆகக் குறைத்தார்கள். இன்டர்னலில் ஓடிய நாள்கள் இந்தக் கணக்கில் வராது. அது தெரியாமல் ஒரு வாரம் வீணாகப் போனது.

அந்தப் பன்னிரண்டுக்காகத்தான் எனக்கு வந்த போன். காசு வாங்கிக்கொண்டு டெஸ்டர் தருகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. தார் எடை போடத் தெரியாதவர் அந்த ஆப்பைத் திறந்து என்ன சொல்லப் போகிறார்?

சரியாக 12 பேருடன் ஆரம்பித்தான். ஒன்பதாம் நாள் எண்ணிக்கை 11 ஆனது. லிங்கை மறுபடி திறந்த ஒருவர், என்னவென்று தெரியாமல் வெளியேறும் பட்டனைத் தட்டிவிட்டார். (என் அம்மாதான். வீட்டில் சொல்லவில்லை.) புதிதாக ஒருவரைச் சேர்த்தால் அவருக்கு முதலிலிருந்து 14 நாள்! இந்த முறை 16 பேரைச் சேர்த்திருக்கிறான். வேறு யாராவது முயன்றால், நீங்களும் நாலு பேரைக் கூடுதலாகவே சேருங்கள். ஏ.பி.கே. போட்டுப் பார்த்தவர்கள் ‘அன்னோன் ஆப்ஸ்’ அனுமதியையும், டீபக்கிங்கையும் மறக்காமல் ஆஃப் செய்துவிடுங்கள்.

இதை எழுதும் இன்று இரண்டாம் சுற்றில் ஆறாவது நாள். நேற்று அத்தை போன் செய்து, “தோப்புக்குக் கண்ணாடி எடுத்துட்டுப் போக மறந்துடுறேன். மொத்தத்தை அதுவே வாசிச்சுச் சொல்லுமாப்பா?” என்று கேட்டிருக்கிறார். தம்பி இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறான்.