இரும்பைத் தேடும் கிருமி

சூடு என்று தள்ளிவிடும் நோய்

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி முட்டிக்கொண்டு வருவது, போனால் சொட்டுச் சொட்டாக இறங்குவது. வீட்டில் இதற்கு ‘உடம்புச் சூடு’ என்று பெயர். இளநீரும் நீர்மோரும் மருந்து. உண்மையில் பலருக்கு இது சிறுநீர்ப் பாதைத் தொற்று. பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வருகிறது. கூச்சப்பட்டு வெளியே சொல்லாமல் தாங்கிக்கொள்பவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

பெரும்பாலும் காரணம் ஈ. கோலை பாக்டீரியா. குடலில் வாழும் அது, பெண்களுக்குக் குட்டையாக உள்ள சிறுநீர்த் தாரை வழியே மேலேறிச் சிறுநீர்ப்பையை அடைகிறது. ஆன்டிபயாடிக்கில் அடங்கினாலும் சிலருக்கு ஆறு மாதத்துக்குள் மறுபடி தலைதூக்கும். மருந்துக்கு மசியாத ஈ. கோலை பெருகிவருவதால்தான் தடுப்பூசிக்கான தேடல் இவ்வளவு அவசரமாகிறது.

எட்டுப் பெண்கள் தந்த தடயம்

தடுப்பூசிக்குக் கிருமியின் எந்தப் பாகத்தைக் குறிவைப்பது? முதலில் கண்ணில் பட்டது, சிறுநீர்ப்பைச் சுவரைப் பற்றிக்கொள்ள அது நீட்டும் மெல்லிய இழை. அதன் நுனியிலுள்ள ஃபிம்எச் புரதத்தால் ஆன தடுப்பூசி எலிகளைக் காத்தது என்று 1997இல் தெரியவந்தது.

எலியின் உடம்பில் நடப்பதுதான் பெண்ணின் உடம்பிலும் நடக்கிறதா? அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஹாரி மோப்ளியின் குழு இதை நேரடியாகவே சோதித்தது. தொற்றுள்ள எட்டுப் பெண்களின் சிறுநீரில் இருந்த ஈ. கோலையில் எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று அளந்து, 2010இல் முடிவை வெளியிட்டது. இழைகளுக்கான மரபணுக்கள் எலிகளில் சுறுசுறுப்பாக இருந்தன. பெண்களிடம் பெரிதும் அடங்கியிருந்தன. (சோதிக்கப்பட்டவை சிறுநீரோடு வெளியேறிய கிருமிகள், சுவரில் ஒட்டியிருப்பவை வேறு மாதிரி நடக்கலாம். ஃபிம்எச்சை இதனால் ஒதுக்கிவிட முடியாது.) இரும்பைச் சேகரிக்கும் மரபணுக்களோ இரு இடத்திலும் விழித்திருந்தன.

காரணம் புரிகிறது. இரும்பில்லாமல் ஈ. கோலை பெருகாது, சிறுநீரிலோ இரும்பு மிகக் குறைவு. அதனால் இரும்பைக் கவ்வும் மூலக்கூறுகளை வெளியே அனுப்பி, திரும்பி வருபவற்றைத் தன் மேல்சவ்விலுள்ள வாங்கிப் புரதங்களால் உள்ளிழுக்கிறது. வெளிப்புறத்தில் இருப்பதால் அந்தப் புரதங்கள் நம் எதிர்ப்பொருள்களுக்கு எட்டும். அதே குழு அதற்கு முன்பே, 2009இல், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்களை அலசி, எச்எம்ஏ, ஐஆர்இஏ, ஐயூடிஏ என்ற மூன்று இரும்பு வாங்கிகளைத் தேர்ந்தெடுத்தது. மூக்கு வழியே தந்தபோது இவை எலிகளுக்குப் பாதுகாப்பு அளித்தன.

சிக்கல் எங்கே

ஒரே கிருமியிடம் இரும்புக்குப் பல வழிகள் உண்டு. ஒன்றை அடைத்தால் இன்னொன்றில் புகும். ஆகவே பலவற்றைச் சேர்த்து அடைப்பதே சரியான வழி என்பது என் எண்ணம். ஈ. கோலைக்குத் தடுப்பூசி எளிதல்ல என்பதும் தெரிந்ததே: கிருமியின் மேற்புறச் சர்க்கரைகளைக் குறிவைத்த வேறொரு தடுப்பூசியின் மூன்றாம் கட்ட மனிதச் சோதனை, போதிய பலனில்லாமல் 2025இல் நிறுத்தப்பட்டது. இரும்பு வாங்கித் தடுப்பூசி இன்னும் மருந்துக்கடைக்கு வரவில்லை.

இப்போதைக்கு

அடிக்கடி தொற்று வருபவர்கள், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே யூரின் கல்ச்சர் கொடுத்துவிடுங்கள். தண்ணீர் குறைவாகக் குடித்த பெண்கள் நாளுக்குக் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தபோது, ஓராண்டில் தொற்று சுமார் பாதியாகக் குறைந்ததை 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. குளிர்க்காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுவலி, வாந்தி இருந்தால் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் எரிச்சல் இல்லாவிட்டாலும் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.