துள்ளத்தில் பிறந்த தொழிற்சங்கத் தலைவர்

மாமல்லபுரம் கடற்கரையும் காஞ்சிபுரமும் ஒரே செங்கல்பட்டு மாவட்டமாக இருந்த காலம். அந்த மாவட்டத்தின் துள்ளம் கிராமத்தில் 1883 ஆகஸ்ட் 26 அன்று பிறந்தவர் திரு.வி.கலியாணசுந்தரனார். சென்னை வெஸ்லி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர், 1917இல் அந்த வேலையை விட்டுவிட்டு ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார்.

1918 ஏப்ரல் 27 அன்று, பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். மதியச் சோறு சாப்பிடக்கூட நேரம் போதவில்லை என்பது தொழிலாளர்களின் முக்கியக் குறை. அன்று சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. தொழிலாளர்களைத் தூண்டிவிட்டதாக வாடியா மீதே ஆலை நிர்வாகம் வழக்குப் போட்டது. அந்த வழக்குதான் 1926ஆம் ஆண்டு தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவிட்டது.

சங்கத்தில் கிடைத்த பெயர் கட்சியிலும் அவரை உயர்த்தியது. 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு அவரே தலைவர். பெரியாரின் வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தை அவர் அனுமதிக்கவில்லை. பெரியார் மாநாட்டை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டித் தலைவர் பதவி திரு.வி.க.வுக்கு வந்தது.

கட்சிப் பதவி போன பிறகும் தொழிலாளர்களை அவர் விடவில்லை. 1947 ஆலை வேலைநிறுத்தத்தின்போது, அவர் உழைத்து வளர்த்த காங்கிரஸின் அரசே அவரை வீட்டுக்காவலில் வைத்தது. 1953 செப்டம்பர் 17 அன்று மறைந்தார்.

பால் சங்கமோ, ஏரிப் பாசனச் சங்கமோ, பொறுப்புக்கு வருகிறவருக்கு ஒருநாள் இதே சோதனை வரும்: நம் கட்சியே ஆட்சியில் இருக்கும்போது உறுப்பினர் பக்கம் நிற்போமா?