கதிர்ச் சிகிச்சையும் உடம்பில் கிடக்கும் பீஸும்

‘கரண்ட் பிடிக்கிறது’ என்றுதான் எங்கள் ஊர்களில் பலர் கதிர்ச் சிகிச்சையைச் சொல்கிறார்கள். புற்றுநோய் கிளினிக் வாசலில் இருப்பவர்களிடம் கேட்டால், “எனக்கு முப்பது கரண்ட் எழுதியிருக்கினம், பன்னிரண்டு முடிஞ்சுது” என்பார்கள். ஏன் முப்பது? ஒரே நாளில் கொடுத்து முடித்தால் என்ன? கதிர் எங்கே விழவேண்டும் என்பதை யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்? இதையெல்லாம் இருந்து விளக்க வைத்தியருக்கு நேரம் கிடைப்பதில்லை. கேட்க நோயாளிக்கும் தயக்கம்.

சுகாதாரம் பற்றி எழுதுவதற்காக நான் சந்தித்த குடும்பங்களில், சிகிச்சையை இடையில் விட்டவர்கள் பலர் இந்த விளக்கம் கிடைக்காமல் விட்டவர்கள். போரில் காயப்பட்டவர்களுக்கு இதில் இன்னொரு விசயமும் இருக்கிறது. அது உடம்புக்குள் இன்னமும் கிடக்கும் எறிகணைச் சிதறல்கள். அதைச் சொல்வதற்கு முன், கதிர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

ஏன் பிரித்துக் கொடுக்கிறார்கள்?

மருந்தை மில்லிகிராமில் அளப்பதுபோல கதிரை ‘கிரே’ என்ற அலகில் அளக்கிறார்கள். ஒரு கிலோ உடல் இழையம் ஒரு ஜூல் சக்தியை உள்வாங்கினால் அது 1 கிரே. வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்குப் பொதுவாக 60 முதல் 70 கிரே வரை தேவைப்படும். அதை ஒரு நாளைக்கு 2 கிரே வீதம், வாரத்தில் ஐந்து நாட்கள், ஆறு அல்லது ஏழு வாரங்களுக்குக் கொடுப்பது வழமை.

கதிர் கலத்தின் மரபணு இழையை அறுக்கிறது. புற்றுநோய்க் கலமும் நல்ல கலமும் இரண்டுமே அடிபடுகின்றன. ஆனால் நல்ல கலங்கள் பெரும்பாலும் அடுத்த நாளுக்குள் தங்களைத் திருத்திக்கொள்கின்றன. புற்றுநோய்க் கலங்களுக்கு அந்தத் திறன் குறைவு. ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக அடித்தால் இந்த வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து பெரிதாகிறது. முழு அளவையும் ஒரே நாளில் கொடுத்தால் கட்டியோடு சேர்ந்து தோலும் தசையும் அழிந்துவிடும்.

இது ஆட்டில் இருந்து கற்ற பாடம். பாரிஸில் குளோட் ரெகோ என்ற ஆய்வாளர் செம்மறிக் கடாக்களின் விதையில் கதிர் பாய்ச்சினார். ஒரே தடவையில் மலடாக்க முயன்றபோது வெளித்தோல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. பல நாட்களாகப் பிரித்துக் கொடுத்தபோது தோலுக்குப் பெரிய சேதமில்லாமல் கடா மலடானது. வேகமாகப் பெருகும் விதைக் கலங்களைப் புற்றுநோய்க் கலங்களுக்கு ஒப்பாக எடுத்துக்கொண்டார்கள். 1920களில் அவரது சக வைத்தியர் ஹென்றி கூத்தார் இதே முறையைத் தொண்டைப் புற்றுநோயாளிகளுக்குப் பயன்படுத்தினார். இன்று எழுதப்படும் ‘முப்பது கரண்ட்’ அந்த வழியில் வந்ததுதான்.

கதிர் வரும் வழிகள்

வெளியில் இருந்து கதிர் கொடுக்கும் இயந்திரங்கள் இரண்டு வகை. பழையது கோபால்ட் இயந்திரம். 1951இல் கனடாவில் முதன்முதலாக நோயாளிகளுக்குப் பயன்படுத்தப்பட்டது. அதற்குள் கோபால்ட்-60 என்ற கதிரியக்க உலோகம் இருக்கும். சுமார் 5 ஆண்டு 3 மாதங்களில் அதன் வலு பாதியாகிவிடும். ஆகவே மூலம் பழசாகப் பழசாக, அதே அளவைக் கொடுக்க நோயாளி கட்டிலில் கூடுதல் நேரம் படுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நேர்கோட்டு முடுக்கி. இதற்குள் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை. மின்சாரத்தால் இலத்திரன்களை மிக வேகமாக ஓடச்செய்து உலோகத் தகட்டில் மோதவிட, எக்ஸ் கதிர் பிறக்கிறது. சுவிச்சை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும்.

இந்த இயந்திரத்தின் வாயில் சீப்பின் பற்கள் போல டங்ஸ்டன் தகடுகள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் தனித்தனியாக நகர்ந்து, கதிரைக் கட்டியின் வடிவத்துக்கு வெட்டுகின்றன. இயந்திரம் உடம்பைச் சுற்றிப் பல திசைகளில் இருந்து சுடும். ஒவ்வொரு திசையிலும் கொஞ்சம். எல்லாம் சந்திக்கும் இடத்தில் முழு அளவு. தொண்டைக் கட்டிக்கு 70 கிரே தேவை என்றால், அதற்குச் சில சென்ரிமீற்றர் பின்னால் இருக்கும் முள்ளந்தண்டுவடத்துக்கு 45, 50 கிரேக்கு மேல் போகக்கூடாது. போனால் கை கால் செயலிழக்கும் ஆபத்து உண்டு. முள்ளந்தண்டுவடம் பாதிக்கப்பட்ட எத்தனையோ பேருடன் வாழும் எமக்கு அது என்னவென்று விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது வழி, கதிர் மூலத்தை உள்ளே கொண்டுபோவது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு வெளிக்கதிருடன் இதையும் சேர்ப்பார்கள். மெல்லிய குழாய் வழியாக இரிடியம்-192 என்ற சிறு மூலம் கட்டிக்குப் பக்கத்தில் சில நிமிடங்கள் வைக்கப்பட்டு, திரும்ப எடுக்கப்படும். மூலத்தில் இருந்து தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கிட்டத்தட்ட நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். அதனால் கட்டிக்கு நிறையவும், சற்று விலகியுள்ள சிறுநீர்ப்பை, குடலுக்குக் குறைவாகவும் கிடைக்கும்.

தைரொயிட் புற்றுநோய் சிலருக்குக் கதிரியக்க அயடீனைக் குடிக்கக் கொடுப்பார்கள். அவர்கள் மட்டும் சில நாட்கள் மற்றவர்களிடம் இருந்து, முக்கியமாகப் பிள்ளைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் இருந்து விலகியிருக்க வேண்டும். வெளிக்கதிர் பெறுபவரின் உடம்பில் கதிர் தங்காது. பேரப்பிள்ளையைத் தூக்கலாம், ஒரே கோப்பையில் சாப்பிடலாம்.

பீஸ் இருந்தால் சொல்லுங்கள்

சிகிச்சை தொடங்குமுன் சீ.ரி. ஸ்கான் எடுப்பார்கள். அந்தப் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்பதை வைத்தே, அந்த இடம் எலும்பா, தசையா, காற்றா என்று கணினி அறிகிறது. கதிர் எவ்வளவு தூரம் போகும், எங்கே எவ்வளவு குறையும் என்ற கணக்கு முழுவதும் அதன்மீதுதான் நிற்கிறது. உலோகத் துண்டு ஒன்று இருந்தால், படத்தில் அதைச் சுற்றி நட்சத்திரம்போல வெள்ளைக் கோடுகளும் கறுப்பு நிழல்களும் விழும். பக்கத்துத் தசையைக் கணினி பிழையாக வாசிக்கும். அளவும் பிழைக்கலாம்.

என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். ஸ்கான் படத்தில் தோளுக்குக் கீழே இந்த வெள்ளைக் கோடுகளைக் கண்டுவிட்டு, “ஏனம்மா முதலே சொல்லேல்லை?” என்று கேட்டார்கள். அவ பேசாமல் இருந்தா. வெளியில் வந்த பிறகு என்னிடம், “எங்க பட்டது, எப்ப பட்டது எண்டு கேப்பினம் எண்டு பயந்தனான்” என்றா. 2009இல் பட்ட பீஸ் அது. இத்தனை வருசமாக எந்தப் படிவத்திலும் அவ அதை எழுதவில்லை.

அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எமக்குத் தெரியும். ஆனால் இங்கே கேட்பவர்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: உலோகம் எங்கே இருக்கிறது. எப்படி வந்தது என்பது அந்தக் கணக்குக்குத் தேவையில்லை. ‘பழைய காயம், உள்ளே இரும்பு இருக்கு’ என்று சொன்னாலே போதும். தெரிந்தால், படத்தில் உள்ள பிழையைத் திருத்தி, உலோகத்தின் ஊடாகப் போகாத திசைகளைத் தெரிவுசெய்ய அவர்களால் முடியும்.

எம்.ஆர்.ஐ. ஸ்கான் என்றால் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும். அது பலமான காந்தம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் உள்ள இரும்புத் துண்டு அசைந்தால் பெரிய ஆபத்து.

முகமூடியும் மூடிய அறையும்

தலை, கழுத்துச் சிகிச்சைக்கு முகம் அசையக்கூடாது. சுடுநீரில் இளகிய பிளாஸ்ரிக் வலையை முகத்தில் படியவைத்து முகமூடி செய்வார்கள். ஒவ்வொரு நாளும் அதைப் போட்டு, கட்டிலோடு பூட்டுவார்கள். பிறகு எல்லோரும் வெளியேற, பாரமான கதவு மூடும். தடித்த கொங்கிறீற் சுவர்களுக்குள் நோயாளி தனியே. பங்கருக்குள் நாட்களைக் கழித்தவர்களுக்கும், தடுத்து வைக்கப்பட்டிருந்தவர்களுக்கும் அந்தக் கதவுச் சத்தம் வேறு எதையோ கொண்டுவரும்.

அப்படியானவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. வலையில் ஓட்டைகள் உண்டு, மூச்சு விடலாம். கமராவில் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கையை உயர்த்தினால் இயந்திரத்தை நிறுத்தி உள்ளே வருவார்கள். பெரும்பாலும் சில நிமிடங்கள்தான், கதிர் படும்போது வலியும் இல்லை. ‘மூடின இடம் எனக்குப் பயம்’ என்று முதல் நாளே சொல்லலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இடையில் விட்டால்

மூன்றாம், நான்காம் வாரத்தில் வாய் புண்ணாகும், விழுங்க முடியாது. அதேநேரம் கட்டியும் சுருங்கியிருக்கும். ‘சுகம் வந்திட்டுது, இனிப் போதும்’ என்று நிறுத்துவது அப்போதுதான். ஆனால் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் தப்பிய புற்றுநோய்க் கலங்கள் முன்னையதைவிட வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. தலை, கழுத்து, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில், சிகிச்சை நீளும் ஒவ்வொரு நாளுக்கும் கட்டியைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பு சுமார் 1 சதவீதம் குறையும் என்று கணிக்கப்பட்டுள்ளது.

சொல்வது சுகம். முன்பு வடக்கு, கிழக்கில் இருந்து மஹரகமவுக்குப் போய்க் கிடக்க வேண்டியிருந்தது. இன்று தெல்லிப்பளையிலும் மட்டக்களப்பிலும் சிகிச்சை உண்டு. ஆனாலும் நாட்கூலியில் வீட்டை நடத்தும் ஒரு பெண் முல்லைத்தீவின் உட்கிராமத்தில் இருந்து ஆறு வாரம் தினமும் எப்படி வருவா? பஸ் காசு, பிள்ளைகளின் சாப்பாடு, தங்க இடம் எல்லாம் சிகிச்சையின் ஒரு பகுதிதான். உள்ளூர் அமைப்புகளும் புலம்பெயர் உறவுகளும் உதவ நினைத்தால், இந்த ஆறு வாரச் செலவு உயிரைக் காக்கும் இடம்.

நோயாளிகள் கேட்கக்கூடிய கேள்விகளும் உண்டு. எல்லாச் சிகிச்சையும் ஆறு வாரம் அல்ல. மார்பகப் புற்றுநோயில் பலருக்கு மூன்று வாரங்களில் 15 தடவைகள் போதும். எலும்புக்குப் பரவிய நோயின் வலியைக் குறைக்கப் பலருக்கு ஒரே ஒரு தடவை, 8 கிரே போதும். ‘எனக்குக் குறுகிய முறை பொருந்துமா?’ என்று கேளுங்கள். பொருந்தாது என்றால் ஏன் என்று சொல்வார்கள்.

ஒரு நாள் தவறினால் பயந்து ஒதுங்க வேண்டாம். அடுத்த நாளே போய்ச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஆறு மணித்தியால இடைவெளியில் இரண்டு தடவை கொடுத்தோ, சனிக்கிழமையில் கொடுத்தோ சில வேளைகளில் ஈடுசெய்யலாம். ஆனால் அந்த நாள் தவறியதை அவர்கள் உடனே அறிந்திருக்க வேண்டும்.