பெருவுக்கு பட்ஜெட் இல்லை... அரிட்டாபட்டிக்கு வேன் ரெடி! - மதுரையைச் சுற்றி ரெண்டு நாள், ஐந்து நிலம்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போன மாதம் சித்தப்பா ஒரு விளம்பரத்தைத் தட்டிவிட்டார். 'பெரு நாடு: கடற்கரை, மலை, காடு... எல்லாம் ஒரே டூரில்!' லிமாவில் இறங்கி, ஆண்டீஸ் மலையில் ஏறி, அமேசான் காட்டில் படகில் போய்த் திரும்புவது திட்டம். போகிற இடமெல்லாம் கைடு உண்டு. கடைசி வரியில் இருந்த தொகையைப் பார்த்ததும் குரூப்பே கப்சிப்.

அரை மணி நேரம் கழித்து அப்பத்தாவின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மலை பாக்க அம்புட்டுத் தூரம் போகணுமாய்யா? நம்ம ஆனைமலைய உங்கள்ல எத்தன பேரு ஏறிப் பாத்திருக்கீக?"

ஒருவர்கூட இல்லை. மதுரையிலேயே பிறந்து வளர்ந்த ஒன்பது பேர் இருக்கிறோம். மாட்டுத்தாவணியிலிருந்து பஸ் ஏறி மேலூர் பக்கம் போகும்போதெல்லாம் படுத்த யானை போல அந்த மலை ஜன்னலில் வரும், போகும். ஏறியதில்லை.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் வேன் வந்து நின்றது. ஆறு வயதுக் குட்டித் தம்பியிலிருந்து 74 வயது அப்பத்தா வரைக்கும் எல்லாரும் ஆஜர்.

பெருவில் என்ன, மதுரையில் என்ன?

பெருவை ஏன் உலகமே சுற்றிப் பார்க்கிறது? பசிபிக் ஓரம் மழையே தெரியாத பாலைவனக் கரை. நடுவில் ஆண்டீஸ். அந்தப் பக்கம் இறங்கினால் அமேசான் மழைக்காடு. ஒரே நாட்டுக்குள் மூன்று உலகம். சுமார் 2,430 மீட்டர் உயரத்தில் இருக்கும் மச்சு பிச்சு 1983-லிருந்து யுனெஸ்கோவின் பாரம்பர்யச் சின்னம். அங்கே நினைத்த நேரத்தில் நுழைந்துவிட முடியாது. டிக்கெட்டில் நேரம் போட்டிருக்கும், எந்தப் பாதையில் நடக்க வேண்டும் என்பதும் போட்டிருக்கும். ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கும் உண்டு.

மதுரையை நடுவில் வைத்து 30 கிலோமீட்டருக்குள் ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். மொட்டைப் பாறைக் குன்றுகள், சோலை மூடிய மலை, பெரியாறு தண்ணீர் பாயும் வயல், மண்ணுக்கடியில் ஒரு நகரம், மண்ணுக்கு மேலே தூங்காத ஒரு நகரம் என ஐந்து நிலங்கள். டிக்கெட், நேரக் கட்டுப்பாடு எல்லாம் பெரும்பாலான இடங்களில் கிடையாது. கைடும் கிடையாது என்பதுதான் சிக்கல்.

அந்தக் குறையைத் தீர்த்தவர்கள் 'பசுமை நடை' அமைப்பினர். 2010-ல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை கிளம்பியபோது, அதை எதிர்த்து எழுதியவர் எழுத்தாளர் அ.முத்துக்கிருஷ்ணன். மலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் முதலில் மக்கள் அதைப் பார்க்க வேண்டும் என்று அவர் நண்பர்களோடு ஆரம்பித்ததுதான் இந்த நடை. தொல்லியல் அறிஞர் சொ.சாந்தலிங்கம் பாறையின் முன்னால் நின்று கல்வெட்டை வாசித்துச் சொல்ல, குழந்தைகளும் பெரியவர்களும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அவர்கள் எழுதியதை முன்கூட்டியே படித்துக்கொண்டு, 'கைடு' வேலையை நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலை: யானைமலை

ஒத்தக்கடையில் இறங்கி டீ குடித்துவிட்டு நரசிங்கம் போனோம். மலையடிவாரத்தில் பாறையைக் குடைந்து செய்த யோக நரசிங்கப் பெருமாள் கோயில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி இதை 770-ம் ஆண்டு அமைத்தார். வேலை முழுசாக முடிவதற்குள் அவர் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நிறைவு செய்தார். இதைச் சொல்லும் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. "அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடிச்சிருக்கான், பாத்துக்க" என்று அப்பா சித்தப்பாவைப் பார்த்துச் சொன்னார். என்ன கணக்கோ, சித்தப்பா பேசவில்லை.

கொஞ்சம் மேலே ஏறினால் சமணத் துறவிகள் தங்கிய குகைத்தளம். மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி சிற்பங்கள் பாறையில் இருக்கின்றன. 2,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி எழுத்தில் இந்த மலையின் பெயர் 'இவகுன்றம்' என்று வெட்டப்பட்டிருக்கிறது. இவம் என்றால் யானை. அன்றைக்கும் அவர்கள் கண்ணுக்கு இது யானையாகத்தான் தெரிந்திருக்கிறது. இதைக் கேட்ட குட்டித் தம்பி, "அப்போ தும்பிக்கை எங்கே?" என்று தேட ஆரம்பித்துவிட்டான்.

அரிட்டாபட்டி: போயிருக்க வேண்டிய மலை

மேலூர் சாலையிலிருந்து பிரிந்து உள்ளே போனால் சத்தம் அடங்கிவிடுகிறது. ஏழு குன்றுகள் சூழ்ந்த ஊர் அரிட்டாபட்டி. எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைச் சிவன் கோயில், அதில் தமிழ்நாட்டில் அபூர்வமாகக் கிடைக்கும் இலகுலீசர் சிற்பம். கழிஞ்சமலையில் தமிழிக் கல்வெட்டு, தீர்த்தங்கரர் சிற்பம். தலைக்கு மேலே லகர் வல்லூறும் ஷாகின் வல்லூறும் ராசாளிக் கழுகும் பறக்கும் வானம். பாறை இடுக்குகளிலும் புதர்களிலும் தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு. இங்கே சுமார் 250 வகைப் பறவைகள் கணக்கிடப்பட்டுள்ளன.

அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்ந்த 193.21 ஹெக்டேர் நிலத்தை, தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பர்யத் தலமாக 2022 நவம்பரில் அரசு அறிவித்தது. சுபம் போட்டுவிடலாம் என்றுதானே நினைக்கிறீர்கள்? சரியாக இரண்டே வருடம்.

2024 நவம்பர் 7 அன்று, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக மத்திய அரசு அறிவித்தது. ஏலம் விடப்பட்ட பரப்பு 2,015 ஹெக்டேருக்கும் மேல். பல்லுயிர்த் தலமும் அதற்குள் வந்தது. மேலூர் வட்டாரத்துக்கு மலை காணாமல் போவது புதிதல்ல. கிரானைட் குவாரிகள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ குன்றுகளைத் தின்று, பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளங்களை மட்டும் மிச்சம் வைத்திருக்கின்றன. அதனால் இந்த முறை ஊர்கள் காத்திருக்கவில்லை. கிராம சபைகள் கூடின. டிசம்பர் 9-ல் சட்டமன்றம் திட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-ல் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையம் வரை பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23-ல் ஏலம் ரத்து என்ற அறிவிப்பு வந்தது.

அன்றைக்கு அலுவலகத்தில் அந்தச் செய்தியை 'பிரேக்கிங்' என்று அப்டேட் செய்தது நான்தான். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு அரிட்டாபட்டி என்பது ஒரு ஹேஷ்டேக். நின்று பார்த்தது இப்போதுதான்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களோடு பாதி தூரம் வந்தார். "தாயி, இந்தப் பாறையில பேஞ்ச தண்ணிதான் சுனையில நிக்குது. சுனை நெறஞ்சு ஓடைக்கு, ஓடையிலேருந்து கம்மாய்க்கு, கம்மாய்லேருந்து வயலுக்கு. மலைய எடுத்துப்புட்டா தண்ணி எங்க போயி நிக்கும்?" என்று கேட்டார். ஒரு மணி நேரம் நான் போனில் பார்த்துப் பார்த்துச் சொன்னதைவிட, எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரிந்தது. நல்ல கைடு என்றால் இவர்தான். கிளம்பும்போது டீச் செலவுக்குப் பணம் கொடுத்தோம், வாங்க மறுத்துவிட்டார். "பிளாஸ்டிக்க மட்டும் எடுத்துட்டுப் போங்க" என்றார்.

மதியம்: வயல் தாண்டி சோலை

அரிட்டாபட்டியிலிருந்து அழகர்கோவில் போகும் வழியில் வயல்களைப் பார்க்கலாம். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை, 1895-ல் கட்டி முடித்த அணையால் பென்னிகுயிக் கிழக்கே திருப்பினார். மலையைக் குடைந்து வரும் அந்தத் தண்ணீர் வைகை வழியாகக் கால்வாயில் மேலூர் வரை வருகிறது. கேரளத்து மலையில் பெய்யும் மழைதான் இங்கே நெல்லாகிறது.

அழகர்மலையில் காற்றே வேறு. அடிவாரத்தில் கள்ளழகரும் பதினெட்டாம்படிக் கருப்பும். மேலே பழமுதிர்சோலை முருகன். அதற்கும் மேலே ராக்காயி அம்மன் சந்நிதியில் நூபுரகங்கை தீர்த்தம். அந்தத் தண்ணீரும் உளுந்தும் நெய்யும் சேரும் அழகர்கோவில் தோசையைப் பிய்த்துத் தின்றபடி குரங்குகளிடமிருந்து தப்பித்து வந்தோம். நெல்லிக்காய் விற்ற அம்மாவிடம் அப்பத்தா பேரம் பேசியது தனிக்கதை.

இரண்டாம் நாள்: சமணர் மலையும் கீழடியும்

ஞாயிறு காலை நாகமலை புதுக்கோட்டை பக்கம், கீழக்குயில்குடி. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். படியேறினால் பேச்சிப்பள்ளம். வற்றாத சுனைக்கு அருகே தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. 9, 10-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கீழே வட்டெழுத்தில் யார் செய்வித்தது என்ற விவரம். அதில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார், அச்சணந்தி என்ற துறவியின் தாய்.

மூட்டுவலியோடு பாதிப் படியில் உட்கார்ந்துவிட்ட அப்பத்தாவிடம் இறங்கி வந்து இதைச் சொன்னேன். "மகன் சாமியாராப் போயிட்டான். அவ பேரை ஆயிரம் வருசமாக் கல்லு வச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளையும் ஏறினார். ஏறிப் பார்த்தவர் முகம் மாறியது, சிற்பத்தைப் பார்த்தல்ல. பக்கத்துப் பாறையில் ஆணியால் கீறிய பெயர்களும், அம்பு பாய்ந்த ஹார்ட்டின்களும். "அதுவும் பேரு, இதுவும் பேரு" என்றார் அத்தை. சுரங்கத்தை ஊரே சேர்ந்து நிறுத்த முடிந்தது. ஆணியை நிறுத்த, அதைக் கையில் வைத்திருப்பவர் மனசு வைக்க வேண்டும்.

மதியம் கீழடி. மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டர், ஆனால் சிவகங்கை மாவட்டம். 2014-ல் மத்தியத் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணன் தொடங்கிய அகழாய்வு, பிறகு மாநிலத் தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. செங்கல் கட்டுமானம், உறைகிணறு, தாயக்கட்டை, பொன் அணிகலன், பெயர் கீறிய பானை ஓடுகள். ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 வரை போகிறது. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு போலவே இருக்கிறது. ஏசி அறை வேறு! பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயரைப் பார்த்ததும் குட்டித் தம்பி சத்தமாகச் சொன்னான்: "இவங்களும் பேர் கீறியிருக்காங்க! ஆனா சொந்தப் பானையில!"

மாலை: தெருவும் தட்டும்

மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று வெளியிலிருந்து உள்ளே நடந்தால் மீனாட்சியம்மன் கோயில். கால் ஓய்ந்து ஒரு ஹோட்டலில் உட்கார்ந்தபோதுதான் சித்தப்பாவிடம் சொன்னேன், தென் அமெரிக்கா ஏற்கெனவே நம் இலைக்கு வந்துவிட்டது என்று. உருளைக்கிழங்கு ஆண்டீஸ் மலையில் பிறந்தது. தக்காளிக்கும் நிலக்கடலைக்கும் பூர்வீகம் அந்தக் கண்டம்தான். மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, கடல் தாண்டிக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள். "அப்போ இவ்வளவு நாளா தினமும் பெரு டூர்தான் போயிட்டிருக்கோமா?" என்று சிரித்தார். ஜிகர்தண்டாவுடன் டூர் முடிந்தது.

நீங்கள் போவதாக இருந்தால்...

* அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வெயிலில் பாறை சுடும். காலை 6 மணிக்கு ஏற ஆரம்பித்து, 9 மணிக்குள் இறங்கிவிடுங்கள்.
* மழை நாளில் பாறை வழுக்கும். பிடிமானமுள்ள ஷூ அவசியம். குன்றுகளில் கடை இல்லை, தண்ணீர் எடுத்துப் போங்கள்.
* கீழடி அருங்காட்சியகத்தின் விடுமுறை நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.
* சிற்பங்களைத் தொடாதீர்கள். கல்வெட்டு தெளிவாகத் தெரிய சாக்பீஸ், மாவு தடவவே கூடாது.
* அரிட்டாபட்டியில் சத்தம் வேண்டாம். வல்லூறுகள் கூடு கட்டும் இடம் அது.
* ஊர்க்காரர் யாரையாவது உடன் அழைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது எந்த மேப்பிலும் இல்லை.

குரூப்பில் பெரு விளம்பரம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. சித்தப்பா ஒரு சேமிப்புக் கணக்கும் ஆரம்பித்துவிட்டார், போகட்டும், நல்ல விஷயம்தான். நேற்று இரவு அப்பத்தாவிடமிருந்து இன்னொரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"திருவாதவூருல மாணிக்கவாசகர் பொறந்த எடம் இருக்காம். அங்கனயும் ஒரு சமண மலை இருக்காமுல்ல? வேன்காரருக்குச் சொல்லியாச்சா?"